முகம் வராத படம்

சூப்பர்வைசர் மாதவன் பலகையில் இருந்த தொண்ணூறை வேஸ்ட் துணியால் அழித்துவிட்டு நூற்றுப் பதினெட்டு என்று எழுதியபோது லைனில் யாரும் பலகையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அனுசுயாவைத்தான் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓவர்லாக் மெஷினின் ஊசியில் நூல் கோத்தாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது. அதை உருவிவிட்டு மறுபடி கோத்தாள்.

"பாருங்கம்மிணி, இது நான் வெச்ச எண்ணு இல்லீங்க. மேல இருந்து வந்தது. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஸ்லீவ் வெக்கோணும். வராதவங்க கை வேலைக்குப் போகோணும். என்னைக் கோவிச்சுப் பிரயோசனம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மாதவன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

கை வேலை என்றால் பிசிறு வெட்டுவது, மடிப்பது, பெட்டியில் அடுக்குவது. டெய்லர் கூலியில் பாதிதான் தேறும். அதுகூடப் பரவாயில்லை. ஒருமுறை மெஷினைவிட்டு இறக்கிவிடப்பட்டவளைத் திரும்ப மெஷினில் உட்காரவைத்ததாக அந்தக் கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை.

"வராம எப்படிப் போகும்? எப்படி ஓட்டணும்னுதான் டிவியில போட்டுக் காட்டுறாகளே" என்றாள் நாகஜோதி. அவள் அனுசுயாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருத்தி மெஷினை மிதிக்க, மற்றவர்களும் மிதித்தார்கள்.

படமெடுக்க ஆள் வந்தால் கை கனக்க வேண்டும். அவிநாசி ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. சேர்ந்த வாரத்திலேயே பக்கத்து மெஷினைப் பார்த்துப் பழகிவிடும். எஞ்சினியர்கள் போனோடு வருவார்கள். ஒருத்தியின் கையைக் கொஞ்ச நேரம் படமெடுப்பார்கள். மேலே கொண்டுபோய் லேப்டாப்பில் போட்டு, ஒரு ஸ்லீவ் வைக்க எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். அதுதான் அப்புறம் எல்லோருக்கும் டார்கெட். ஆகவே போன் நீளும்போது டெய்லர்கள் வேலையில் சில்லறை வேலைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஸ்லீவை எடுத்து ஒரு உதறு. ஸ்லீவைத் தோளோடு பொருத்தத் துணியோரத்தில் போட்ட வெட்டுக்குறி சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்வை. தைத்ததைத் திருப்பி விரலால் ஒரு நீவல். தானே அறுந்துவிட்ட நூலைக் கத்தரியால் இன்னொரு நறுக்கு. அளவோடு செய்ய வேண்டும். மிஞ்சினால் எஞ்சினியருக்குத் தெரிந்துவிடும்.

இதில் அனுசுயாவுக்குப் பக்கத்து மெஷின் பாண்டியம்மாளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கமுதிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருசத்துக்கு மேலாகப் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் ஓட்டுபவள். போன் நீண்டதும் சாமிக்கு அலங்காரம் செய்கிற பூசாரியின் நிதானம் அவள் விரல்களுக்கு வந்துவிடும். எஞ்சினியர் நகர்ந்த பிறகு நாகஜோதி, "ஏக்கா, அந்த ஸ்லீவுக்கு இன்னும் தீபாராதனைதான் பாக்கி" என்பாள். பாண்டியம்மாள் சிரிக்காமல், "வந்தவனுக்குத் துன்னூறு குடுத்து அனுப்பியாச்சு, நீ சோலியப் பாரு" என்பாள். ஒரு காலத்தில் ஒரே ஆளாக இரண்டு மெஷின் வேலையைச் செய்தவள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. இப்போதெல்லாம் படம் எடுக்காத நேரத்திலும் அவள் முன்னால் துணி தேங்கித்தான் கிடந்தது. நாகஜோதியோ அனுசுயாவோ பேச்சுவாக்கில் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தங்கள் பக்கம் போட்டுக்கொள்வார்கள். அவளுக்கு வேகம் இருக்கிறது, இந்தக் கூலிக்கு எதற்கு அதைக் காட்ட வேண்டும் என்று விட்டுவிட்டாள் என்றுதான் லைன் மொத்தமும் நம்பியது. அப்படி நம்புவதில் எல்லோருக்கும் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அனுசுயாவை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே பாண்டியம்மாள்தான். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வாசலில் ஒரே குழாய். கை கனக்க வேண்டும் என்பது அனுசுயாவுக்குத் தெரியாதது அல்ல. இதற்கு முன்பு இரண்டு எஞ்சினியர்களை அவளும் ஏமாற்றி அனுப்பியிருக்கிறாள்.

மூன்றாவதாக வந்தவன் குகன். சோமனூரில் தறி ஓட்டும் குடும்பத்துப் பையன். யாரையும் ஒருமையில் பேச மாட்டான். குரலை உயர்த்த மாட்டான். அதனாலேயே அவனிடம் சண்டை பிடிக்கவும் முடியாது. போனை நீட்டுவதற்கு முன்னால் அவன் சொன்னான்: "அக்கா, கையை மட்டும் எடுத்துக்கறனுங்க. மூஞ்சி வராதுங்க."

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அனுசுயாவுக்கு மேல்வரிசைப் பற்கள் முன்னால் தள்ளியிருக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து போட்டோ என்றாலே உதடுகளை இறுக்கி மூடிக்கொள்வாள். இறுக்கி மூடினால் கோபமாக இருப்பதுபோல் விழும். கல்யாண ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவள் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு அழுதாக்கூட அழகா எடுத்துருவேன், மொறைச்சா நான் என்னம்மா பண்றது?" என்று போட்டோக்காரன் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான். ஆதாரில், ரேஷன் கார்டில், கழுத்தில் தொங்குகிற கம்பெனி அட்டையில் எல்லாம் அதே முறைப்பு. நாத்தனார் மகள் காதுகுத்துக்கு எடுத்த குடும்பப் படத்தில், ஓரமாக நின்ற அவளை வெட்டிவிட்டுத்தான் எல்லோருக்கும் அனுப்பினார்கள். "உன் மூஞ்சி சரியா விழல மதினி, அதான்" என்று நாத்தனார் நல்லபடியாகத்தான் சொன்னாள். இத்தனை வருசத்தில் ஒரு கேமரா அவளிடம் வந்து முகம் வேண்டாம், கையைக் காட்டு என்று கேட்டது அதுதான் முதல்தடவை.

முதல் ஸ்லீவுக்குக் கை கனத்தது. இரண்டாவதுக்கும் கனத்தது. அதற்கப்புறம் அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. குகன் போனைத் திருப்பிக் காட்டியபோது, தீனிக்குப் பாயும் கோழி அலகுபோல் இரண்டு கைகள் துணியைக் கொத்திக் கொத்தி ஊசிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. மோதிர விரல் மட்டும் எதிலும் படாமல் லேசாகத் தூக்கி நின்றது. தன் கை இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "இன்னொருக்காப் போடுங்க ஸார்" என்றாள். பார்த்துவிட்டு, "எனக்கு அனுப்புவீங்களா?" என்றும் கேட்டுவிட்டாள்.

"அதுக்கென்னங்க, அனுப்பீட்டாப் போச்சு."

சாயங்காலம் செக்யூரிட்டியிடமிருந்து தன் போனை வாங்கியபோது படம் வந்திருந்தது. வீட்டுக்கு வந்து, பாடலில்லாத வெறும் புல்லாங்குழல் இசை ஒன்றைச் சேர்த்து அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். கணவன் மூக்கையா சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, "யாரு கை இது? நீயா? பரவால்லியே" என்றான். யார் யார் பார்த்தார்கள் என்று அனுசுயா அடிக்கடி திறந்து பார்த்தாள். நாகஜோதி பார்த்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாண்டியம்மாளும் பார்த்திருந்தாள். யாரும் ஒரு பூ, ஒரு கைதட்டல்கூடப் போடவில்லை. அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்த வாரமே அந்தக் கைகள் ட்ரெயினிங் ரூம் டிவியில் ஓடத் தொடங்கின. புதிதாக வரும் ஒடிசாப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்துக் கையைக் காற்றில் அசைத்துப் பழகினார்கள். கண்ணாடிக் கதவு என்பதால் கழிவறைக்குப் போகிற வழியில் எல்லோர் கண்ணிலும் அது பட்டது. பிறகுதான் பலகையில் எண் மாறியது.

லைன் அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. டீத் தட்டு கை மாறி வரும்போது அவளிடம் மட்டும் நிற்காமல் அடுத்த மெஷினுக்குத் தாண்டிப் போனது. முன் மெஷினில் இருந்து துணிக்கட்டு மேஜைக்கு வராமல் காலடியில் வந்து விழுந்தது. நாற்காலியில் அவள் போட்டிருந்த மெத்தைத் துணியைக் காணோம். தேடிப் போனால் குப்பை டிரம்மில் கிடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து தைத்தால் தையல் பொலபொலவென்று பிரிந்தது. யாரோ நூல் இறுக்கத்தைத் திருகி வைத்திருந்தார்கள். பிரித்துத் தைக்க அரை மணி போனது. கம்பெனி வேனில் அவள் ஏறினால் காலி சீட்டில் உடனே ஒரு டிபன் பை வந்து உட்கார்ந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகும், சண்டையானால் முடிந்துபோகும் என்று அவர்களும் வாயைத் திறக்கவில்லை போலிருந்தது.

பாண்டியம்மாள் ஒருத்திதான் நேருக்கு நேர் வாயைத் திறந்தாள். குழாயடியில் அனுசுயா குடத்தோடு வந்தால், "ஏத்தா, தள்ளி நில்லுங்கத்தா, நடிகை தண்ணி புடிக்கணுமாம்" என்பாள். நூற்றுப் பதினெட்டு வந்ததிலிருந்து எந்த ஒரு மணி நேரத்திலும் பாண்டியம்மாள் எண்பதைத் தாண்டவில்லை. இப்போது அவள் குவியலிலிருந்து அள்ளிப் போட்டுக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. அவரவர் எண்ணே அவரவருக்கு எட்டவில்லை. சனிக்கிழமைக்குள் வராதவர்களின் பெயரைக் கொடுக்கச் சொல்லி மேலே இருந்து மாதவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது.

எப்படியாவது அந்த எண்ணைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று அனுசுயா நினைத்தாள். தான் ஏற்றியதைத் தானே இறக்கிவிட்டால் டீ திரும்ப வரும். நாற்காலித் துணி திரும்ப வரும். மத்தியானம் குகனிடம் போய்ப் பேசுவது என்று முடிவுசெய்து, என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் அது நடந்தது.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. ரெண்டு எஞ்சினியரு வந்தப்ப ஒழுங்காத்தான இருந்தா. இவன் வந்ததும் என்ன வந்துச்சு?" என்று நாகஜோதி ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"மூஞ்சி வராதுன்னான்ல, அந்தத் தெகிரியந்தான்" என்றாள் பாண்டியம்மாள். "மூஞ்சியவும் சேத்து எடுத்திருந்தாம்னா பாதியிலயே போன அணைச்சுட்டு ஓடியிருப்பான். நம்ம டார்கெட்டும் பொழச்சிருக்கும்."

சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. வேறு லைன்காரிகள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அனுசுயா சிரிக்கவில்லை. ஆனாலும் கை தானாகப் போய் வாயை மூடியது. அதைப் பார்த்து இன்னொரு தரம் சிரித்தார்கள். அவள் டிபனை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். காலையிலிருந்து வரிசைப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் மாடிப்படி ஏறுவதற்குள் கலைந்துவிட்டது.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றான் குகன்.

அவள் உட்காரவில்லை. "ஸார், அந்தப் படத்த அழிச்சிருங்க."

"அழிச்சரலாங்க." அவன் போனை எடுத்து, அவள் பார்க்கும்படி பிடித்து, அந்தப் படத்தை அழித்தான். "டிவியிலயும் எடுத்தறச் சொல்றனுங்க. ஆனா எண்ணு மாறாதுங்க. அது எடுத்தாச்சு. வேற ஏதாச்சும் வேணுங்களா?"

"எல்லாராலயும் என்னைய மாதிரி ஓட்ட முடியாது ஸார்."

"உங்களால முடியுதுங்களே. உங்களுக்கும் ரெண்டு கைதானுங்க."

அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கீழே இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. "நான் ஒண்ணும் வேகம் இல்ல ஸார்" என்றாள். "பாண்டியம்மாக்கா என்னைய விட வேகம். ரெண்டு மெஷின் ஓட்டுனவுக. நீங்க போன எடுத்துட்டு வந்தா நடிப்பாக. லைன் மொத்தமும் நடிக்கும். என் ஒருத்தி கையக் காட்டி எல்லாரையும் வெரட்டுறதுக்கு, அவுக கைய எடுத்துப் போடுங்களேன்."

குகன் ஆச்சரியப்படவில்லை. "நடிப்பாங்கன்னு தெரியுமுங்கக்கா. காலேஜ்லயே சொல்லிக் குடுத்திருக்காங்க. பாத்த நேரத்துல கொஞ்சம் கழிச்சுக்கோணும்னு. எவ்வளவு கழிக்கறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. உங்க படம் பாத்ததுக்கப்பறம் தெரிஞ்சுருச்சுங்க." எழுந்து அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டான். "வந்து சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க."

படியில் இறங்கும்போது, கேட்கப் போனது ஒன்று, கொடுத்துவிட்டு வந்தது ஒன்று என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் வருத்தப்பட மனசு வரவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே. ஓட்டட்டும். பாண்டியம்மாக்கா ஒருதரம் உள்ளபடி ஓட்டிக் காட்டட்டும். டிவியில் அவள் கை ஓடட்டும், அப்போது இவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பார்க்கலாம். அதோடு, பாண்டியம்மாளுக்கு மெஷின் வேலையும் பிழைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அன்று மதியம் அவள் கை எப்போதையும்விட வேகமாக ஓடியது.

மறுநாள் காலை குகன் கையில் ஒரு ஸ்டாண்டோடு வந்தான். பாண்டியம்மாளின் மெஷினுக்குப் பக்கத்தில் அதை விரித்து, போனை மாட்டி, திரையில் அவள் கைகள் நடுவில் வரும்படி திருகினான். மாதவன் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"அக்கா, இன்னைக்கு நடிப்பு வேண்டாமுங்க" என்றான் குகன். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "நீங்க அனுசுயாக்காவ விட வேகம்னு கேள்விப்பட்டனுங்க. எண்ணு வந்துச்சுன்னா இந்த மெஷின் உங்களுதுதான். வரலீன்னா மாதவண்ணன் கை வேலைக்குப் பேர் குடுத்துருவாருங்க. அதனால மனசுல எதையும் வெச்சுக்காம உள்ளதை ஓட்டுங்க."

கேள்விப்பட்டது யாரிடம் என்று பாண்டியம்மாள் கேட்கவில்லை. அனுசுயாவை ஒரு பார்வை பார்த்தாள். வளையல்களைக் கழற்றி மெஷின் விளக்கடியில் வைத்தாள். உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்தாள்.

"எடுய்யா" என்றாள்.

உதறல் இல்லை. நீவல் இல்லை. கத்தரியைத் தொடவே இல்லை. அலங்காரம் எதுவும் இல்லாமல் ஸ்லீவை எடுத்தாள், பொருத்தினாள், மிதித்தாள், தள்ளினாள், அடுத்ததை எடுத்தாள். அனுசுயா அந்த வேகத்துக்காகக் காத்திருந்தாள். முதல் இரண்டு மூன்று ஸ்லீவுக்கு, கை சூடாகட்டும் என்று நினைத்தாள். பிறகு, இந்த நிலையிலும் எப்படி நடிக்கிறாள் பார் என்று நினைத்தாள். அதற்கும் பிறகுதான் பாண்டியம்மாளின் கழுத்தைப் பார்த்தாள். நரம்பு இரண்டும் விடைத்து, தாடை இறுகி, மூச்சு வாயால் போய் வந்துகொண்டிருந்தது. விரல் வெட்டுக்குறியைத் தாண்டிப் போய், நின்று, தடவிக்கொண்டே திரும்பி வந்தது. முகம் துணிக்குக் கிட்டே குனிந்தது. இத்தனை நாள் இரண்டு தரம் பார்த்ததெல்லாம் போனுக்காகப் பார்த்தது இல்லை. ஒரு தரத்தில் கண்ணுக்குத் தெரியாததால் பார்த்தது. எல்லா வித்தையையும் கழித்துவிட்ட பிறகும் ஒரு ஸ்லீவுக்கு ஆன நேரம் பூசாரி நேரமாகவேதான் இருந்தது.

லைனில் மற்ற மெஷின்களும் நின்றுவிட்டன. ஒரு மெஷின் மட்டும் விட்டுவிட்டு ஓடும் சத்தம். மாதவன் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாகஜோதியின் கை பழக்கத்தில் நீண்டு அந்தக் குவியலில் இருந்து ஒரு பிடி அள்ளியது.

"தொடாதீங்கக்கா" என்றான் குகன். அவள் வைத்துவிட்டாள்.

"போதும் ஸார்" என்றாள் அனுசுயா. இன்னொரு முறை சொன்னாள். "ஸார், போதும்."

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க."

"நீ யாருடி போதும்ங்கிறது?" என்றாள் பாண்டியம்மாள், நிமிராமல். "நீ எடுய்யா. அவ கெடக்கா."

வேர்வை இமையில் இறங்கியது. துடைத்தால் நேரம் போகும் என்று கண்ணை மட்டும் கொட்டிக்கொண்டு அவள் அடுத்த ஸ்லீவை உருவினாள். அது இடது. வலது தோளில் வைத்து அதைப் பொருத்தினாள். விரல் வெட்டுக்குறியைத் தேடியது, கிடைக்கவில்லை, கிடைத்ததுபோல் அழுத்திப் பிடித்துக்கொண்டது. அனுசுயா எழுந்துவிட்டாள். இரண்டு மெஷினுக்கு நடுவில் உடம்பை வளைத்து, மெஷினின் பல்லுக்கடியில் துணி போவதற்குள் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள். போன் திரையில் மோதிர விரல் தூக்கிய ஒரு கை உள்ளே வந்தது. பாண்டியம்மாள் முழங்கையால் அதை ஓங்கி இடித்துத் தள்ளினாள். கை திரையைவிட்டுப் போனது. அவள் கால் மிதியை அடிவரைக்கும் அழுத்தியது. மாறி வைத்த ஸ்லீவ் தோளோடு தைத்துக்கொண்டே போக, மெஷின் கத்தி சீவித் தள்ளிய துணியோரம் மெல்லிய ரிப்பனாகச் சுருண்டு சுருண்டு அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.